சுருக்கமான வணிகத் தொடர்பாடல்

சுருக்கமான வணிகத் தொடர்பாடல் என்பது, நிறுவனங்களுக்கு உள்ளேயும் நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையேயும் நிகழும் எழுத்திலும் பேச்சிலும், தேவையான செய்தியைத் தேவையான அளவு சொற்களால் மட்டும் தெரிவிக்கும் முறை ஆகும். கடிதம், மின்னஞ்சல், அறிக்கை, சுற்றறிக்கை, தொலைபேசி உரையாடல், கூட்டம், பட வில்லைகளுடன் கூடிய முன்வைப்பு ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். வணிகத் தொடர்பாடல் பாடநூல்கள் நல்ல தொடர்பாடலின் பண்புகளாக முழுமை, சுருக்கம், கேட்பவர் மீதான அக்கறை, குறிப்பான விவரம், தெளிவு, பணிவு, பிழையின்மை ஆகிய ஏழினைக் குறிப்பிடுகின்றன.

சுருக்கம் என்பது குறைவாகச் சொல்வது அன்று. ஒரு செய்தியின் நீளம் குறைந்தும் பொருள் குறையாமல் இருந்தால் அது சுருக்கம் எனப்படும். நீளத்துடன் பொருளும் குறைந்தால் அது விடுபடல் ஆகும். இவ்வேறுபாடு கவனிக்கப்படாத இடங்களில் பெரும் பண இழப்பும் உயிரிழப்பும் ஏற்பட்டுள்ளன.

கருத்தின் அடிப்படை

மொழியியல் மெய்யியலாளர் பால் கிரைசு, உரையாடலில் பங்கு கொள்வோர் தம்மை அறியாமலே பின்பற்றும் சில நெறிகளை 1975 இல் வெளியான தமது கட்டுரையில் விளக்கினார். அவற்றுள் ஒன்று அளவு நெறி ஆகும். தேவைப்படும் அளவுக்குச் செய்தியைத் தருதல், தேவைக்கு மேல் தராதிருத்தல் ஆகியவை இந்நெறியின் இரு பகுதிகள். எனவே மிகுதியும் குறைவும் ஒரே நெறியின் மீறல்களாகவே கொள்ளப்படுகின்றன.

தமிழ் இலக்கண மரபிலும் இதே கருத்து காணப்படுகிறது. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வகுத்துள்ளது. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். அதனை அடுத்து வருவது விளங்க வைத்தல். குற்றங்களின் வரிசையில் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவையும் குற்றங்களே. நன்னூலின் இப்பகுதி நூல்களைப் பற்றியது. வணிகக் கடிதங்களைப் பற்றியது அன்று. எனினும் இன்றைய அலுவலக எழுத்துக்கும் இவ்வகைப்பாடு பொருந்துகிறது.

வரலாறு

தந்திக் காலம்

வணிக எழுத்தில் சொல்லுக்கு விலை வைத்த முதற் கருவி தந்தி ஆகும். தந்திக் கட்டணம் சொற்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைந்ததால் வணிகர்கள் சொற்களைக் குறைக்கத் தொடங்கினர். முழு வாக்கியம் ஒன்றை ஒரே சொல்லால் குறிக்கும் வணிகக் குறிநூல்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. 1906 இல் வெளியான பென்ட்லி குறிநூல் ஐந்து எழுத்துக் குறிச்சொற்களைப் பயன்படுத்தியது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஆம் ஆண்டு சூலை மாதம் நிறுத்தப்பட்டது.

அரசு நிர்வாகத்தில்

பிரித்தானியப் பிரதமர் வின்சுடன் சர்ச்சில் 1940 ஆகத்து 9 அன்று, போர் நடந்து கொண்டிருந்த வேளையில், சுருக்கம் என்னும் தலைப்பிலேயே ஒரு குறிப்பினை அரசு அலுவலர்களுக்கு அனுப்பினார். முக்கியக் கருத்துகளைச் சிறு பத்திகளில் தருமாறும், விரிவான ஆய்வையும் புள்ளிவிவரத்தையும் பின்னிணைப்பில் சேர்க்குமாறும், பொருளற்ற அலுவலகத் தொடர்களைக் கைவிடுமாறும் அதில் கேட்டுக் கொண்டார். போருக்குப் பின் பிரித்தானிய நிதித்துறையின் வேண்டுகோளுக்கு இணங்க எர்னசுட்டு கவர்சு அரசு அலுவலர்களுக்கான எளிய எழுத்து வழிகாட்டி ஒன்றை எழுதினார். 1948 இல் வெளியான அந்நூல், பின்னர் விரிவாக்கப்பட்டு 1954 இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தது.

ஐக்கிய அமெரிக்காவில், நடுவண் அரசின் அமைப்புகள் பொதுமக்களுக்கான ஆவணங்களை எளிய நடையில் எழுத வேண்டும் எனக் கோரும் எளிய எழுத்துச் சட்டம் 2010 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கையெழுத்தானது. எளிய மொழிக்கான அனைத்துலகச் சீர்தரம் ஐ.எசு.ஓ 24495 இன் முதற் பகுதி 2023 இல் வெளியிடப்பட்டது.

நிறுவனங்களில்

புரொக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தை 1930 முதல் 1948 வரை தலைமையேற்று நடத்திய ரிச்சர்டு டியூப்ரீ, ஒரு பக்கத்தை மீறிய குறிப்புகளை ஏற்க மறுத்தார். அங்கு ஒரு பக்கக் குறிப்பு ஒரு நிறுவன மரபாகவே வளர்ந்தது. சப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் ஒரு சிக்கலின் பின்னணி, தற்போதைய நிலை, மூல காரணம், தீர்வு, பின்தொடர்தல் ஆகிய அனைத்தையும் 297 x 420 மில்லிமீட்டர் அளவுடைய ஒரே ஏ3 தாளில் எழுதும் வழக்கம் உள்ளது. இது ஏ3 அறிக்கை எனப்படுகிறது.

அமேசான் நிறுவனர் செப் பெசோசு 2004 சூன் மாதம் தமது மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டு முன்வைப்புகளை நிறுத்தினார். அவற்றுக்கு மாற்றாக, முழு வாக்கியங்களால் ஆன, ஆறு பக்கங்களுக்கு மிகாத குறிப்பு எழுதப்பட்டது. கூட்டத்தின் தொடக்கத்தில் அனைவரும் அதனை அமைதியாகப் படிப்பர். அதன் பின்னரே உரையாடல் தொடங்கும். பட வில்லையில் உள்ள துண்டுச் சொற்களை விட ஆறு பக்க உரைநடை நீளமானது. ஆயினும் முழு வாக்கியம் எழுதும்போது கருத்துகளுக்கு இடையிலான தொடர்பை எழுதுபவர் மறைக்க இயலாது என்பதே இம்முறைக்குக் கூறப்பட்ட காரணம்.

முறைகள்

முடிவை முதலில் கூறல்

பள்ளிக் கட்டுரையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற வரிசை பயிற்றுவிக்கப்படுகிறது. வணிக எழுத்தில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாக மாற்றப்படுகிறது. வாசகர் என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பது முதல் வாக்கியத்தில் இடம்பெறும். காரணமும் பின்னணியும் அதன் பிறகு வரும். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் கடிதப் போக்குவரத்து விதிகள் இம்முறையையே வலியுறுத்துகின்றன. நாளிதழ்ச் செய்திகளின் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பும் இத்தகையதே. வாசகர் எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினாலும் அதுவரை படித்தவற்றுள் மிக முக்கியமானவை அடங்கியிருக்கும் என்பது இதன் பயன்.

பிரமிடு முறை

1960களில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பணியில் சேர்ந்த பார்பரா மின்டோ, அறிக்கைகளை அமைக்கும் பிரமிடு முறையை உருவாக்கினார். இதன்படி உச்சியில் ஒரே ஒரு மையக் கருத்து இருக்கும். அதற்குக் கீழே அதனைத் தாங்கும் சில காரணங்களும், ஒவ்வொரு காரணத்தின் கீழும் அதற்கான சான்றுகளும் இருக்கும். ஒரே நிலையில் உள்ள கருத்துகள் ஒன்றன் மீது ஒன்று படியாமலும், ஒன்றாகச் சேரும்போது எதுவும் விடுபடாமலும் இருத்தல் வேண்டும். முதல் நிபந்தனை மிகைபடக் கூறலைத் தடுக்கிறது. இரண்டாவது குன்றக் கூறலைத் தடுக்கிறது.

வினையை வினையாகவே எழுதுதல்

அலுவலகத் தமிழ் நீள்வதற்கு முதன்மைக் காரணம், வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி அதனுடன் வேறொரு வினையைச் சேர்ப்பது ஆகும். சில எடுத்துக்காட்டுகள்:

- ஆய்வு மேற்கொள்ளப்பட்டது - ஆய்ந்தோம்
- பரிசீலனையில் இருந்து வருகிறது - பரிசீலிக்கிறோம்
- கட்டணம் செலுத்தப்படாத நிலை காணப்படுகிறது - கட்டணம் செலுத்தப்படவில்லை
- விற்பனையில் சரிவு ஏற்பட்டுள்ளது - விற்பனை சரிந்தது
- பழுதினைச் சரிசெய்யும் பொருட்டு - பழுதைச் சரிசெய்ய

தமிழில் வினைமுற்று தன்னுள்ளேயே இடத்தையும் எண்ணையும் கொண்டுள்ளது. ஆய்ந்தோம் என்ற ஒரே சொல், ஆய்ந்தவர் யார் என்பதையும் அது முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறது. ஆய்வு மேற்கொள்ளப்பட்டது என எழுதும்போது சொல் கூடுவதுடன், செய்தவர் யார் என்ற செய்தியும் மறைந்து விடுகிறது. பொறுப்பை ஏற்க விரும்பாத இடங்களில் செயப்பாட்டு வினை மிகுவதற்கு இதுவே காரணம். அதே வேளையில், செய்தவர் முக்கியமில்லாத இடங்களிலும், பிறரைக் குறை கூறுவதைத் தவிர்க்க வேண்டிய இடங்களிலும் செயப்பாட்டு வினை பொருத்தமானதே. மேலே கட்டணம் பற்றிய வரி அத்தகையது.

வாக்கியத்தைப் பிரித்தல்

தமிழில் பயனிலை பொதுவாக வாக்கியத்தின் இறுதியில் வரும். இதனால் நீண்ட வாக்கியத்தில் முடிவு என்ன என்பது கடைசிச் சொல் வரை வாசகருக்குத் தெரிவதில்லை. இருப்பதாலும், தொடர்ந்து, அடிப்படையில் போன்ற சொற்களால் பல செய்திகள் ஒரே வாக்கியத்தில் கோக்கப்படும்போது, ஒப்புதலா மறுப்பா என்பதை அறிய வாசகர் முழுவதையும் மனத்தில் தாங்க வேண்டியுள்ளது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்ற வரையறை ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழுக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டு

ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவு பிற பிரிவுகளுக்கு அனுப்பக்கூடிய சுற்றறிக்கையின் இரு வடிவங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

நீண்ட வடிவம்: தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டு வர விரும்புவது யாதெனில், கடந்த சில நாட்களாக நமது கணக்கியல் மென்பொருளின் செயல்பாட்டில் ஏற்பட்டு வரும் தாமதம் குறித்துப் பல்வேறு பிரிவுகளிலிருந்தும் புகார்கள் வரப்பெற்றுள்ளதைத் தொடர்ந்து, அது தொடர்பாக ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில், வழங்கியின் நினைவகத்தின் கொள்ளளவை அதிகரிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. எனவே அப்பணியை மேற்கொள்ளும் பொருட்டு வரும் சனிக்கிழமை அன்று மாலை சுமார் 6 மணி அளவில் வழங்கியின் இயக்கத்தை நிறுத்தி வைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக் கொள்கிறோம்.

சுருங்கிய வடிவம்: சனிக்கிழமை மாலை 6 மணி முதல் 9 மணி வரை கணக்கியல் மென்பொருள் இயங்காது. அன்றைய பட்டியல்களை 5.30 மணிக்குள் பதிவு செய்து விடவும். மென்பொருளின் தாமதத்தைச் சரிசெய்ய வழங்கியின் நினைவகத்தைக் கூட்டுகிறோம்.

இரண்டாவது வடிவத்தில் முதல் வடிவத்தின் சொற்களில் பாதிக்கும் குறைவானவையே உள்ளன. ஆயினும் முதல் வடிவத்தில் இல்லாத இரண்டு செய்திகள் அதில் உள்ளன: மென்பொருள் மீண்டும் எப்போது இயங்கும், படிப்பவர் அதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பன. வழங்கி என்றால் என்ன என்று அறியாத விற்பனைப் பிரிவு ஊழியரும் இதன்படி நடந்து கொள்ள இயலும். எழுதுபவர் தாம் செய்த பணிகளின் வரிசையை விட்டு, படிப்பவரின் தேவையின் வரிசையில் எழுதியதே இம்மாற்றத்துக்குக் காரணம்.

பேச்சில் சுருக்கம்

எழுத்தைத் திரும்பப் படிக்கலாம். பேச்சைத் திரும்பக் கேட்க இயலாது. எனவே எழுத்தில் குற்றமாகும் கூறியது கூறல், பேச்சில் ஓரளவு தேவைப்படுகிறது. கூட்டத்தின் இறுதியில் எடுத்த முடிவுகளையும் பொறுப்பாளர்களையும் மீண்டும் ஒரு முறை கூறுவது இதற்கு எடுத்துக்காட்டு. வான்போக்குவரத்தில், கட்டுப்பாட்டு அலுவலர் கூறும் உயரம், ஓடுபாதை போன்றவற்றை விமானி அப்படியே திருப்பிக் கூற வேண்டும். வானொலித் தொடர்கள் மிகச் சுருக்கமாக வரையறுக்கப்பட்டிருந்தும் இவ்விரட்டிப்பு நீக்கப்படவில்லை.

பேச்சைச் சுருக்குவதற்கு நேர வரம்பு பரவலாகப் பயன்படுகிறது. டெட் மாநாட்டு உரைகளுக்கு 18 நிமிட வரம்பு அறியப்பட்டது. 2003 இல் தோக்கியோவில் தொடங்கிய பெச்சக்குச்சா முறையில் 20 படங்கள், ஒவ்வொன்றும் 20 நொடிகள் எனக் காட்டப்படும். பேசுபவருக்கு மொத்தம் 6 நிமிடம் 40 நொடிகளே கிடைக்கும்.

மற்றொரு வழி, பேச்சின் பகுதிகளை முன்னதாகவே வரையறுப்பது ஆகும். ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் அணுவாற்றல் நீர்மூழ்கிகளில் வழங்கிய செய்தி தெரிவிக்கும் முறையைத் தழுவி, கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ அமைப்பு நான்கு பகுதி முறை ஒன்றை உருவாக்கியது. இரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும் செவிலியர் பின்வரும் வரிசையில் பேசுவார்:

- சூழல்: இப்போது என்ன நிகழ்கிறது
- பின்னணி: நோயாளி யார், எதற்காகச் சேர்க்கப்பட்டார்
- மதிப்பீடு: சிக்கல் என்னவாக இருக்கும் எனக் கருதுகிறார்
- பரிந்துரை: மருத்துவர் என்ன செய்ய வேண்டும்

படிநிலையில் தாழ்ந்திருப்பவர் தமது கருத்தைக் கூறத் தயங்குவது இயல்பு. கடைசி இரு பகுதிகளும் அக்கருத்தைக் கூறுவதைக் கடமையாக்குகின்றன. எனவே இம்முறை நேரத்தை மிச்சப்படுத்துவதுடன், சொல்லப்படாமல் போகக்கூடிய செய்தியையும் வெளிக்கொணர்கிறது. இவ்வமைப்பு மருத்துவமனைகளுக்கு வெளியே, மென்பொருள் பழுது பற்றிய அழைப்புகள் போன்றவற்றுக்கும் பொருந்தும்.

மிகைச் சுருக்கத்தின் கேடுகள்

பிரிம்ரோசு வழக்கு

1887 இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த கம்பளி வணிகர் பிரிம்ரோசு, கன்சாசில் இருந்த தமது முகவருக்குக் குறிச்சொற்களால் ஆன தந்தி ஒன்றை அனுப்பினார். அவருடைய குறிநூலில் பே என்ற சொல், ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்ற பொருளைத் தந்தது. தந்தி வழியில் ஓர் எழுத்து மாறியதால் அச்சொல், வாங்கு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக முகவரைச் சென்றடைந்தது. அவர் பெருமளவு கம்பளியை வாங்கினார். வணிகருக்கு 20,000 டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. கூடுதல் கட்டணம் செலுத்தித் தந்தியை மறுமுறை அனுப்பிச் சரிபார்க்கக் கேட்காததால், அவர் செலுத்திய 1.15 டாலர் கட்டணத்தை மட்டுமே திரும்பப் பெறலாம் என 1894 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இயல்பான மொழியில் ஓர் எழுத்து மாறினாலும், சுற்றியுள்ள சொற்கள் பிழையைக் காட்டிக் கொடுக்கும். தகவல் கோட்பாட்டில் இது மிகைமை எனப்படுகிறது. குளோடு சானன் 1948 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஆங்கில எழுத்தின் மிகைமை ஏறத்தாழ 50 விழுக்காடு என மதிப்பிட்டார். மிகைமை முழுவதும் நீக்கப்பட்ட செய்தியில் பிழையைக் கண்டறிய வழியில்லை. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது, பயனுள்ள மிகைமைக்கு அன்றாட எடுத்துக்காட்டு.

கொலம்பியா விண்ணோடம்

2003 சனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பிரிந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் விண்ணில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசாவிடம் பட வில்லைகளாக முன்வைத்தனர். முக்கியமான ஒரு வில்லையின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கத்தில் இருப்பதாகப் படிப்பவர் எண்ணும்படி அமைந்திருந்தது. அதே வில்லையின் அடியில், சிறிய எழுத்தில், சோதனையில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம் என்பதும் உண்மையில் மோதிய துண்டின் மதிப்பீடு 1,920 கன அங்குலம் என்பதும் இருந்தன. அதாவது, சோதிக்கப்பட்டதை விட 640 மடங்கு பெரிய துண்டு பற்றி அத்தரவுகளால் எதுவும் கூற இயலாது. அவ்வில்லையின் மிக முக்கியமான செய்தி இதுவே. 2003 பெப்ரவரி 1 அன்று புவிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் உயிரிழந்தனர்.

விபத்துக்கு நேரடிக் காரணம் இறக்கையில் ஏற்பட்ட சேதமே. எனினும் விசாரணைக் குழு 2003 ஆகத்தில் வெளியிட்ட அறிக்கையில், தகவல் வரைபட வல்லுநர் எட்வர்டு டஃப்டி செய்த பகுப்பாய்வின் துணையுடன் இவ்வில்லையை எடுத்துக்காட்டியது. தொழினுட்ப அறிக்கைகளுக்கு மாற்றாகப் பட வில்லைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் அது குறை கூறியது. அவ்வில்லையில் சொற்கள் குறைவாக இல்லை. முடிவைப் புரட்டக்கூடிய ஒரு எண் எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதே அதில் தவறியது.

வரம்புகள்

பின்வரும் இடங்களில் சுருக்கத்தைக் காட்டிலும் முழுமைக்கு முதலிடம் தரப்படுகிறது:

- ஒப்பந்தங்களும் சட்ட ஆவணங்களும். இவற்றில் விடுபட்ட நிபந்தனை பின்னாளில் வழக்காகலாம்.
- பாதுகாப்பு எச்சரிக்கைகளும் இயக்கக் கையேடுகளும்.
- பணிநீக்கம், விபத்து, இழப்பு போன்ற செய்திகள். இரண்டு வரியில் அனுப்பப்படும் இத்தகைய மின்னஞ்சல் அவமதிப்பாகக் கொள்ளப்படலாம்.
- பண்பாட்டு வேறுபாடு உள்ள உரையாடல்கள். எட்வர்டு ஆல் 1976 இல் வெளியிட்ட நூலில், பொருளின் பெரும்பகுதியைச் சொற்களிலேயே வைக்கும் பண்பாடுகளையும், சூழலில் வைக்கும் பண்பாடுகளையும் வேறுபடுத்தினார். பின்னவற்றில் நலம் விசாரிக்கும் தொடக்கப் பத்தியும் செய்தியின் ஒரு பகுதியே.

தொழினுட்பமும் வரம்பு விதிப்பது உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகள் அடங்கும். இதில் ஆங்கில எழுத்துகள் 160 வரை இடம்பெறலாம். ஒருங்குறித் தமிழுக்கு 70 குறியீடுகளே கிடைக்கும். கி போன்ற உயிர்மெய் எழுத்து இரண்டு குறியீடுகளை எடுத்துக் கொள்வதால் தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை இன்னும் குறையும். வங்கி, மின் வாரியம் போன்றவை வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் அனுப்பும் ஒரே குறுஞ்செய்திக்குள் தொகை, நாள், செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் அடங்க வேண்டுமெனில், தெரிவித்துக் கொள்கிறோம் போன்ற தொடர்களுக்கு அங்கு இடமிருப்பதில்லை.

திருத்தும்போது கேட்க வேண்டிய வினாக்கள்

சுருக்கம் பெரும்பாலும் முதல் வரைவில் அமைவதில்லை; திருத்தத்தில் அமைகிறது. ஒரு கடிதத்தையோ அறிக்கையையோ அனுப்பும் முன் பின்வரும் வினாக்கள் உதவும்:

1. முதல் வாக்கியத்தை மட்டும் படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிவாரா?
2. இப்பத்தியை நீக்கினால் படிப்பவரின் முடிவு மாறுமா? மாறாது எனில் அதனை நீக்கலாம். அல்லது பின்னிணைப்புக்கு மாற்றலாம்.
3. முடிவை மாற்றக்கூடிய எண், நிபந்தனை அல்லது ஐயம் ஏதேனும் அடியில் மறைந்துள்ளதா? இருப்பின் அது மேலே வர வேண்டும்.
4. யார், என்ன, எப்போது என்பவை ஒவ்வொரு பணிக்கும் கூறப்பட்டுள்ளனவா?
5. ஒரு சொல்லோ எழுத்தோ மாறினால் பொருள் தலைகீழாகுமா? ஆகும் எனில் அதனை வேறு சொற்களால் ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும்.

இவற்றுள் இரண்டாவது வினா செய்தியின் நீளத்தைக் குறைக்கும். மூன்றாவதும் ஐந்தாவதும் சில வேளைகளில் நீளத்தைக் கூட்டும். இரு வகை வினாக்களும் சேர்ந்தே சுருக்கத்தை வரையறுக்கின்றன.